அண்ணன் செய்த இரும்புச் சிலை

எழுபதுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி, மூத்தவன் தவழ ஆரம்பித்திருந்தான். நான் வாக்கப்பட்டது திருச்சுழிக்குப் பக்கத்து ஊர். பிறந்தது நரிக்குடி போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஒரு கிராமம். இதில் யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

என் அண்ணன் மெட்ராஸில் சிற்பம் படித்தவன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் படிப்பு என்றால் வாத்தியார் வேலைக்கு, இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ் வேலைக்கு. சிலை செய்யப் படிக்கப் போனவன் இவன் ஒருத்தன்தான். "கோயில் சிலையா செய்வீக?" என்று கேட்பார்கள். "இல்ல, சும்மா சிலை" என்பான். அதற்கு மேல் அவனுக்கும் விளக்கத் தெரியாது, கேட்டவர்களுக்கும் பொறுமை இருக்காது.

லீவுக்கு வந்தாலும் வீட்டில் தங்க மாட்டான். பாளையம்பட்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இடம் பிடித்துக்கொண்டு, லாரிக்கும் கலப்பைக்கும் நடுவில் அவன் பாட்டுக்குத் தகட்டை வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருப்பான். சட்டையெல்லாம் நெருப்புப் பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். ஒரு தடவை, எங்கள் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த கமலைச் சாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற பெரிய இரும்பு வாளி அது. பஸ் மேலே ஏற்றிக் கொண்டுபோனான். எதற்கு என்று அம்மா கேட்கவே இல்லை. கிணற்றில் தண்ணீர் போய்ப் பல வருஷமாகியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளில் எங்கள் பக்கம் அடுத்தடுத்து மழை பொய்த்தது. எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். கம்பும் குதிரைவாலியும் விதைத்தது விதைத்தபடி மண்ணுக்குள்ளேயே கருகிப்போனது. தானியம் கொட்டி வைக்கிற குலுக்கையைத் தட்டினால் வெறும் சத்தம்தான் வரும். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். நிலம் இருந்தது. நிலம் உள்ள வீடு என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயர் உள்ள வீட்டுப் பெண்கள் அடுத்தவரிடம் கூலிக்குப் போகிற வழக்கம் கிடையாது.

பஞ்ச நிவாரணம் என்று அரசாங்கத்தில் கண்மாய்களைத் தூர்வாருகிற வேலை கொடுத்தார்கள். மண் சுமந்தால் கூலியாகக் கோதுமை. எங்கள் ஊர்க் கண்மாயிலும் வேலை நடந்தது. அம்மா அங்கே போகவில்லை. முகம் தெரிந்த ஆள் ஒருத்தரும் இல்லாத தூரத்துக் கண்மாய் ஒன்றுக்கு, கோழி கூப்பிடும்போதே எழுந்து நடந்து போனாள். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மண் சுமந்தாள். "யாரும் கேட்டா அம்மாச்சிக்கு மேலுக்குச் சொகமில்லன்னு பாக்கப் போயிருக்காகன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போனால் ஒருத்தர் கேட்பார், கடைக்குப் போனால் ஒருத்தர் கேட்பார். நான் சொல்வேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போதெல்லாம் என் காது சூடாகிவிடும். கிடைத்த கோதுமையைக் கூட நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் கஞ்சி காய்ச்சினோம். எங்கள் ஊரில் கோதுமை வாசனை வந்தால் அது நிவாரணக் கோதுமை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணன் என்னைவிடப் பெரியவன். அவன்தான் அம்மாவுக்கு மத்தியானக் கஞ்சி கொண்டுபோவான். போனவன் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவோடுதான் திரும்பி வருவான். நான் அந்தக் கண்மாயைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை.

பிறகு மழை வந்தது. அம்மா மறுபடி நிலம் உள்ள வீட்டு அம்மாவானாள். அந்த நாட்களைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் அதன்பின் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

எனக்கு வயது வந்ததும், யாரும் எதிர்பார்க்காத ஒரு பெரிய வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கல் தூண் வைத்த வீடு, பம்பு செட்டு, பரந்த மிளகாய்க் காடு. நகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவே நேரில் வந்து, "ஒங்க மகளக் குடுங்க மதினி" என்று எங்கள் அம்மாவிடம் கேட்டார். ஊரே ஆச்சரியப்பட்டது. என்னைப் பார்த்து எதற்கு மயங்கினார்கள் என்று எனக்கே புரியவில்லை.

அந்த மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். திட்டவும் மாட்டார், கொஞ்சவும் மாட்டார். என் வீட்டுக்காரரும் நல்ல மாதிரி. எனக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் மட்டும் எப்போதும் இருந்தது. எங்கள் அம்மா மண் சுமந்தவள் என்று இவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தெரியாமல்தானே என்னைக் கட்டியிருக்கிறார்கள்?

அப்போதுதான் அந்தக் கல்லூரியில் ஓவியமும் சிற்பமுமாகச் சேர்த்து ஒரு கலைக்கூடம் ஆரம்பித்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர், அண்ணனின் சிலை ஒன்றைப் பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டு, எங்களுக்குக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். திறந்து வைக்கிற அன்றைக்கு வீட்டில் எல்லோரும் வர வேண்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பினான். என்ன சிலை என்று சொல்லவில்லை. நான் மட்டும் போய்வரலாம் என்று இருந்தேன். "சம்பந்தி வீட்டுப் பையன் செஞ்சது. நாமளும் போகணும்ல?" என்று அத்தையும் கிளம்பிவிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

கூடம் நிறையக் கூட்டம். மாணவர்கள், வாத்தியார்கள், டவுனில் பெரிய கடை வைத்திருக்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அத்தை. பேராசிரியர் வெள்ளைத் துணியை இழுத்தார்.

ஆள் உயரத்தில் ஓர் இரும்புப் பெண். எங்கள் வீட்டுக் கமலைச் சாலின் தகடுதான் உடம்பு. துருவைக் கூடத் தேய்க்காமல் சேலை நிறத்துக்கு அப்படியே விட்டிருந்தான். தலைப்பை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். ஒரு காலை முன்னால் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி நின்றாள். தலைக்கு மேலே மண் கூடை. அது இன்னும் தலையில் துணி சுருட்டி வைத்த சும்மாட்டில் உட்காரவில்லை. கூடையை ஏற்றிவிட்டபடி எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டிருந்தன. கைகள் மட்டும்தான். முழங்கைக்குப் பிறகு அந்த ஆள் இல்லை.

முகம் மூடியிருந்தால் என்ன? குடத்தை ஏற்றும்போது என் அம்மா நிற்கிற நிலை எனக்குத் தெரியாதா?

பேராசிரியர் அழகாகப் பேசினார். கீழே இருக்கும் பெண் நம் மண்ணின் உழைப்பு, மேலே தெரிகிற கைகள் அவள் தலையில் சுமையை ஏற்றும் விதியின் கைகள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு முடிந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன். அண்ணனைப் பேசச் சொன்னார்கள். அவனுக்கு மேடைப் பேச்சு வராது.

"விதியெல்லாம் இல்ல சார். இது எங்க அம்மா. பஞ்சத்துல கண்மாயில மண்ணு சொமந்தாக. நெறஞ்ச கூடைய ஒருத்தரே தலையில ஏத்த முடியாது. இன்னொரு அம்மா தெனமும் ஏத்தி விடுவாக. அவுகளும் முகத்த மூடியிருந்தாக. யாருன்னு எனக்குத் தெரியாது. கை மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

எனக்குப் பின்வரிசையில் ஒரு கடைக்காரர் வீட்டு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். "நல்ல வெள்ளாமக் குடும்பம்னுல சொன்னாக? பஞ்ச வேலைக்கா போயிருக்காக?" அது என் காதில் விழுந்தால் அத்தை காதிலும் விழுந்திருக்கும். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரே ஒரு தடவை, திடுக்கிட்ட மாதிரி, அத்தையின் முகத்தைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். பாவி, பெத்த தாயை ஊர் நடுவில் நிறுத்தி இப்படி மானத்தை வாங்கிவிட்டானே என்று அண்ணன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கூட்டம் கலையும்போது அத்தை எழுந்து சிலைக்குப் பக்கத்தில் போனார். நெடுநேரம் நின்று பார்த்தார். கையை நீட்டினார். அங்கே நின்ற பியூன், "தொடக் கூடாதும்மா" என்றார். அத்தை கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பினோம். திருச்சுழியில் இறங்கி அம்மா வேறு பஸ் மாற வேண்டும். "வாரேன் மதினி" என்றாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, "பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான். அதில் கூட நான் ஒரு குத்தலைத் தேடினேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தை வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார், திடீரென்று கை நின்றுவிடும், எங்கேயோ பார்ப்பார். என்னைக் கட்டினதற்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். ஒரு நாள், "ஒங்க அண்ணன் அந்தக் கைய எம்புட்டுப் பக்கத்துல இருந்து பாத்திருப்பாக?" என்று கேட்டார். என் வாயைப் பிடுங்குகிறார் என்று நினைத்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதன்பின் அவர் கேட்கவில்லை.

தினமும் மாணவர்கள் வந்து பார்ப்பார்கள், அவர்களைப் பெற்றவர்கள் வந்து பார்ப்பார்கள், இது இன்னார் வீட்டுச் சம்பந்தி என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு ஊசி போட டவுனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அந்தக் கல்லூரிக்குப் போனேன். பேராசிரியரைப் பார்த்தேன்.

"சார், அன்னைக்கு அதப் பாத்துட்டு வந்ததுல இருந்து எங்க அம்மா ஒழுங்காச் சாப்பிடல. அழுதுக்கிட்டே இருக்காக. தயவுசெஞ்சு அத எடுத்துருங்க" என்றேன்.

அம்மா அழுதாளா, சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. திறப்பு நாளுக்குப் பிறகு நான் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

அவர் ஆடிப்போய்விட்டார். "அம்மாவா சொல்லி அனுப்புனாங்க?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். "ஒரு தாய் மனசு நோக அது இங்க இருக்க வேண்டாம்மா" என்றார். என் கண் முன்னாலேயே பியூனைக் கூப்பிட்டுச் சொன்னார். உங்கள் அண்ணனுக்கு யார் சொல்வது என்று கேட்டார். நானே எழுதிவிடுகிறேன் என்றேன்.

எழுதினேன். பேராசிரியரிடம் சொன்ன அதே பொய்யை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதினேன். அவனிடமிருந்து சின்னப் பதில்தான் வந்தது. அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு, இனிமேல் இந்த மாதிரி செய்ய மாட்டேன் என்று. கொஞ்ச நாளில், அவன் மெட்ராஸிலேயே ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எப்படியோ ஒரு வழிக்கு வந்தான் என்று நான் சந்தோஷப்பட்டேன். மன்னிப்புக் கேட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பொய் வெளியில் வந்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பருத்தி எடுத்து முடிந்த சமயம். ஒரு நாள் காலையில் அத்தை குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"தாயி, அந்தச் சிலைய இன்னொரு வாட்டிப் பாக்கணும் போல இருக்கு. கூட்டிக்கிட்டுப் போறியா?"

பிள்ளைக்குச் சளி என்றேன். வெயில் என்றேன். காலேஜ் லீவாக இருக்கும் என்றேன். "பரவாயில்ல, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று செருப்பைப் போட்டுவிட்டார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து ஒன்றும் கிடைக்கவில்லை.

கூடத்தில் சிலை இருந்த இடத்தில் சிமெண்டு மேடை மட்டும் இருந்தது. அதே பியூன்தான் இருந்தார். சிலை எங்கே என்று அத்தை கேட்டார்.

"அதுவா? அந்த அம்மா சங்கடப்படுறாகன்னு அவுக மக வந்து எடுக்கச் சொல்லிருச்சும்மா" என்றவர் என்னையும் இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். "நீங்கதான வந்தீக?"

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அத்தை என் பக்கம் திரும்பக் கூட இல்லை. "இப்ப எங்க கெடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கல்லூரிக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற ஓட்டுக் கட்டடம். பியூன் கதவைத் திறந்துவிட்டுப் போனார். சிலையை மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். யாரோ வெள்ளையடித்த சுண்ணாம்பு வாளியை மேலே வைத்திருந்து, உடம்பெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. அத்தை அந்தப் புழுதியில் அப்படியே உட்கார்ந்தார். முந்தானையால் சுண்ணாம்பைத் துடைத்தார். போகாத இடத்தில் நகத்தால் சுரண்டினார். பிறகு கூடையைப் பிடித்திருந்த இரும்புக் கைகளின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்தார்.

"இங்க பாரு" என்றார்.

பார்த்தேன். இரும்புக் கையில் வலது சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் கோணி நின்றது. அதன் மேல் இருந்த அத்தையின் சுண்டுவிரலும் அப்படியே கோணி நின்றது. சின்ன வயதில் கமலைக் கயிற்றில் சிக்கி ஒடிந்த விரல் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கையால்தான் எனக்குத் தினமும் சோறு போட்டார். திறப்பு அன்று சிலையை அத்தனை நேரம் பார்த்தும் எனக்கு அந்த விரல் கண்ணில் படவில்லை. அம்மாவை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

"எங்களுக்கும் நெலம் இருந்துச்சு. நெலத்தையா திங்க முடியும்?" என்றார் அத்தை. "ஒங்க மாமா கவுரவம் பாத்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே படுத்துக் கெடந்தாக. பிள்ளைக பசியில மண்ணத் தின்னுச்சுக. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் அந்தக் கண்மாய்க்குப் போனேன். எல்லாரும் சோடி சோடியா வந்திருந்தாக. எனக்குக் கூடை ஏத்திவிட ஆளில்ல. ஒங்க அம்மாவும் தனியா நின்னாக. அவுக எனக்கு ஏத்திவிட்டாக, நான் அவுகளுக்கு ஏத்திவிட்டேன். பேரு கேக்கல, ஊரு கேக்கல. முகத்தையும் பாத்துக்கல."

பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு நா எனக்குக் காய்ச்சல். கூடையோட விழுந்துட்டேன். எங் கணக்குக்கும் சேத்து ஒங்க அம்மாவே அன்னைக்குப் பூராம் சொமந்தாக. கோதுமைய என் மடியில கொட்டிட்டு, அழுவாதீகன்னாக. அந்தக் கொரலு மறக்கல. நெடுநாளு கழிச்சுத் திருச்சுழிக் கோயில்ல கூட்டத்துல அந்தக் கொரலு கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஒங்க அம்மா. யாரு வீடு, என்னன்னு விசாரிச்சேன். பொண்ணு இருக்குன்னாக. வந்து கேட்டேன்."

"எங்க அம்மாவுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாம? நான் வெத்தலத் தட்ட நீட்டும்போதே எங் கையப் பாத்துட்டாக. நாங்க ரெண்டு பேரும் இதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் பேசுனதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீ ஒங்க அம்மாகிட்டக் கேட்டுட்டா இத எடுக்கச் சொன்ன?"

"இல்ல அத்தை."

"அப்ப யாருக்குத்தான் சங்கடமா இருந்துச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். அத்தை எழுந்து அவனை வாங்கிக்கொண்டார். "எம் பேரு வெளிய வர வேண்டாம். மாமாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுருவாக. ஆனா இது இந்த இருட்டுல கெடக்க வேண்டாம் தாயி" என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பினார். அம்மா களத்தில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியரிடம் சொன்ன பொய், அண்ணனுக்கு எழுதின பொய், அவன் கேட்ட மன்னிப்பு, எல்லாம். சுளகு அப்படியே கையில் நின்றது.

"அன்னைக்கு ஏம்மா தலையக் குனிஞ்ச? வெக்கப்பட்டுத்தானன்னு நெனச்சேன்" என்றேன்.

"எனக்கென்ன வெக்கம்? பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தத்தான போனேன்" என்றாள். "இவன் பாட்டுக்குக் கைய அப்படியே செஞ்சு வச்சுட்டானே, மதினியக் கண்டுபிடிச்சுருவாகளோன்னுதான் எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு."

பிறகு அண்ணன் பேச்சு வந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "எம் பேரச் சொல்லி அவன அழ வச்சிட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

நான் பேராசிரியரிடம் போய், சொன்னது அத்தனையும் பொய், அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று நின்றேன். அவர் என்னை உட்காரக் கூடச் சொல்லவில்லை. அது நியாயம்தான். அண்ணனுக்கும் உள்ளதை எழுதினேன். கைகள் யாருடையவை என்பதை மட்டும் எழுதவில்லை. அது என்னுடைய ரகசியம் இல்லையே. அவன் வந்தான். தானே சுண்ணாம்பையெல்லாம் எடுத்து, எண்ணெய் பூசி, சிலையை மறுபடி மேடையில் நிறுத்தினான். என்னோடு பேசவில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்தும்போதுதான், தாய்மாமன் மடி வேண்டுமே என்பதற்காக என் வீட்டு வாசலை மிதித்தான். அன்றைக்குத்தான், "நல்லாருக்கியா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு பேசினோம். ஆனால் அந்தக் கம்பி வேலையை அவன் விடவில்லை. பிறகும் சில சிலைகள் செய்தான் என்றாலும், பட்டறையில் சட்டை பொத்தலாக நின்ற அந்த வேகம் திரும்ப வரவே இல்லை. என்னால்தானா என்று அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அம்மாவும் போய்விட்டாள், அத்தையும் மாமாவும் போய்விட்டார்கள். அதனால்தான் இப்போதாவது, அதுவும் பெயரில்லாமல், இதை எழுதுகிறேன். சாப்பாட்டுக்கு வழியில்லாத காலத்திலும் அந்த இரண்டு பேரும் அடுத்தவளுடைய மானத்தைக் காத்துக் கொடுத்தார்கள். வயிறு நிறைந்திருந்த நானோ என்னுடையதை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பெற்றவளையும் உடன்பிறந்தவனையும் பொய்யில் இழுத்துவிட்டேன் என்பதை நினைத்தால், பேரன் பேத்தி எடுத்த இந்த வயதிலும் எனக்குத் தலை நிமிர மாட்டேன் என்கிறது.